மேடையில் இருவர், நோட்டீசில் ஒருவர்

தோட்டத்துத் திருவிழா என்றால் கச்சேரி இல்லாமல் இல்லை. சுவாமி ஊர்வலம் முடிந்து, அன்னதானமும் ஆனபின், திடலில் மேடை போட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்டால்தான் நம்மவர்க்குத் திருவிழா நிறைவு பெறும். கோத்தா கோலா மூடாவிலிருந்து சுங்கைப் பட்டாணி, பீடோங், குரூண் வரைக்கும் இதுவே வழக்கம். அந்த மேடையில் சில ஆண்டுகளாகப் புதிய விருப்பம் ஒன்று தலையெடுத்திருக்கிறது. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து கிராமியப் பாட்டுப் பாடும் ஜோடி வேண்டுமென்று கமிட்டியார் கேட்கிறார்கள். நல்ல விருப்பம்தான். நாமும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவர்களே.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்மையில் ஒரு திருவிழா நோட்டீசு நம் கைக்கு வந்தது. எந்தத் தோட்டம் என்று சொல்லமாட்டோம். அந்தக் கமிட்டியார் நமக்கும் வேண்டியவர்களே. பாடுகிற கணவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் "மற்றும் குழுவினர்" என்று போட்டிருந்தார்கள். கச்சேரிக்குப் போய்ப் பார்த்தோம். பாதிப் பாட்டுக்கு மேல் பாடியவர் அந்த அம்மையார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதும் அவர் பாட்டுக்கே. அவர் பெயர் என்ன என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டோம். "அவருடைய சம்சாரம்" என்று பதில் வந்தது. பெயர் அவருக்கும் தெரியவில்லை.

இதைச் சிறிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல, இந்த ஜோடிப் பாட்டு எங்கிருந்து எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தமிழ் நாட்டில் கிராமியப் பாட்டைக் கணவன் மனைவியாகச் சேர்ந்து மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடிகள் மதுரையைச் சேர்ந்த நவநீதகிருஷ்ணன், விஜயலட்சுமி தம்பதியர். விஜயலட்சுமி அம்மையார் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைத்துறையில் பேராசிரியையாகப் பணியாற்றியவர். கிராமம் கிராமமாகச் சென்று, நடவு நடும் பெண்களிடமும் கிழவிகளிடமும் பாட்டைக் கேட்டுத் தொகுத்து, அதை அப்படியே மேடையில் இருவரும் பாடிக் காட்டினார்கள். 2018-இல் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அவர்களுடைய பாட்டு, படித்தவர்கள் பாட்டாளிகளின் வாயிலிருந்து கேட்டு, நன்றியோடு திருப்பிப் பாடிய பாட்டு. பல்கலைக்கழகத்துச் சம்பளம் இருந்தது. ஆகவே மேடை ஒன்றையே நம்பிச் சோறு உண்ணும் நிலைமை இருக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தவர்கள் புஷ்பவனம் குப்புசாமி, அனிதா குப்புசாமி. புஷ்பவனம் என்பது வேதாரண்யத்துப் பக்கத்துக் கிராமம். நம் பாட்டன் பாட்டிமார் 'ரஜூலா' கப்பல் ஏறிய நாகப்பட்டினத் துறைமுகத்திற்கு அது தூரமில்லை. அந்த ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்ட குப்புசாமியும், மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த அனிதாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சங்கீதம் பயின்றபோது சந்தித்தவர்கள். ஒலிநாடாவும் தொலைக்காட்சியும் வெளிநாட்டு மேடைகளும் இவர்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. கிராமியப் பாட்டைத் தொழிலாகக் கொண்டு ஒரு குடும்பம் கௌரவமாக வாழ முடியும் என்று காட்டியவர்கள் இவர்கள் எனலாம்.

மூன்றாவது ஜோடியைத்தான் நம் இளைஞர்கள் எல்லாரும் அறிவார்கள். செந்தில் கணேஷ், ராஜலட்சுமி. செந்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக் களபம் என்னும் சிற்றூர்க்காரர். ராஜலட்சுமி திண்டுக்கல் பக்கம். கிராமத்துத் திருவிழா மேடைகளில் பல ஆண்டுகள் பாடித் திரிந்தவர்கள். விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' ஆறாவது போட்டியில் இருவரும் தனித்தனிப் போட்டியாளராகச் சேர்ந்தார்கள். கணவனும் மனைவியும் ஒரே போட்டியில் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு எது வியாபாரம் என்று தெரியாதா? 2018 ஜூலையில் செந்தில் பட்டம் பெற்றார். நம் வீடுகளிலும் ஆஸ்ட்ரோ வழியாக அதைப் பார்த்து, களபத்துக்காரர் வென்றதை நம் தோட்டத்துப் பையன் வென்றதாகவே எண்ணி மகிழ்ந்தோம்.

அவ்விருவரும் மேடையில் பாடிவந்த 'சின்ன மச்சான்' பாட்டு 2019 ஜனவரியில் வெளிவந்த 'சார்லி சாப்ளின் 2' படத்தில் இடம்பெற்றது. யூடியூபில் பத்துக் கோடி முறைக்கு மேல் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதே மாதம் வந்த 'விஸ்வாசம்' படத்தில் இமான் இசையில் 'டங்கா டங்கா' பாட்டையும் இருவருமே பாடினார்கள். ஊர்ப்புறத்து மேடையிலிருந்து சினிமாவின் உச்சிக்கு ஒரே ஆண்டில் ஏறிய ஏற்றம் இது.

இங்கே ஓர் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'சின்ன மச்சான்' பாட்டை எழுதியவர் செல்ல. தங்கையா. கிராமியப் பாட்டெழுதும் கவிஞர். இந்த ஜோடிக்கு வழிகாட்டியாக இருந்தவர். செந்திலைக் கதாநாயகனாக வைத்து 2018-இல் 'கரிமுகன்' படத்தை இயக்கியவரும் அவரே. சினிமாவுக்குப் போனபோது பாட்டின் மேல் அவர் பெயரும் போயிற்று. கிராமியப் பாட்டு என்றாலே யார் எழுதியது என்று கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆற்று மணல் போல, வாரியவனுக்குச் சொந்தம். இந்தப் பாட்டு அவ்வாறு போகவில்லை என்பது நமக்குச் சந்தோஷம்.

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

வயலில் பாடிய காலத்தில் பாட்டு பெரும்பாலும் பெண்ணின் சொத்து. தாலாட்டு அவளுடையது. நடவுப் பாட்டு அவளுடையது. கும்மி அவளுடையது. ஒப்பாரி முழுக்க முழுக்க அவளுடையது. ஏற்றப் பாட்டும் வண்டிக்காரன் பாட்டும் ஆணுக்கு இருந்தன. தெம்மாங்கு இருவருக்கும் பொது. நம் தோட்டங்களிலும் அப்படித்தான். மரம் வெட்டுவது தனி ஆள் வேலை. விடியுமுன் நிரையில் இறங்கினால் பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது. ஆனால் புல் வெட்டும் கும்பலிலும், ஆயாக் கொட்டகையிலும், லயத்து வாசலிலும், இழவு வீட்டிலும் பாடியவர்கள் நம் தாய்மாரே. கப்பலைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் துரையைப் பற்றியும் வாயாரத் திட்டிப் பாடியவர்களும் அவர்களே. நம் நாட்டு எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி அத்தகைய பாட்டுக்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். படிப்பகங்களில் வாங்கி வைக்க வேண்டிய நூல்.

இப்படிப் பாட்டுக்கு உரியவளாக இருந்தவள், மேடையும் மைக்கும் வந்தவுடன் என்ன ஆனாள்? இரவில் மேடையேறிப் பாடும் பெண்ணைப் பற்றி நம் சமூகம் நல்ல வார்த்தை சொன்னதில்லை. கூத்தாடுகிறவள், கரகம் எடுக்கிறவள், நாடகக்காரி என்ற சொற்களை எந்தத் தொனியில் சொன்னார்கள் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். பாட்டைக் கேட்பார்கள், பணமும் குத்துவார்கள். மறுநாள் அவளை வீட்டுக்குள் விடமாட்டார்கள். இந்த நிலைமையில்தான் கணவன் மனைவி ஜோடி ஒரு வழியைத் திறந்தது. மச்சானை அவள் கேலி செய்கிறாள், அவன் எதிர்ப்பாட்டுப் பாடுகிறான். கொஞ்சம் மீறியே பாடினாலும், "கட்டிய புருஷனைத்தானே பாடுகிறாள்" என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்க முடிந்தது. தாவணியும் வேட்டி துண்டுமாக இருவரும் நிற்கும்போது நம் தாய்மாருக்கும் முகம் சுளிக்கத் தோன்றவில்லை. திருமணம் அவளுக்கு மேடைச் சீட்டு ஆயிற்று.

அது ஆதாயம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் பெயர் யாருடையது? கணவன் கூட வந்தால் பாடலாம், இல்லாவிட்டால் கூடாது என்றால், அவள் தொண்டை அவளுடையதுதானா? இன்னொரு நஷ்டமும் உண்டு. ஜோடிப் பாட்டு என்றாலே மாமன் மச்சான் கேலியாகச் சுருங்கிவிடுகிறது. சினிமாக்காரர்கள் கேட்பது அது ஒன்றைத்தான். பசியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் வந்த பாட்டை எந்தப் படத்தில் வைத்தார்கள்? ஒப்பாரியில் பெண் தன் பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் சேர்த்து வாங்கும் வாங்கு, இந்த ஜோடி மேடையில் வருவதேயில்லை. துள்ளிசையாக்கிக் கிராமியப் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று பண்டிதர்கள் சிலர் வழக்குத் தொடுக்கிறார்கள். அந்த வழக்கில் நாம் சேரமாட்டோம். பாட்டுக்குச் சட்டை மாற்றினால் குற்றமில்லை. பாதிப் பாட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால்தான் நமக்கு வருத்தம்.

ஆகவே 2021 டிசம்பரில் வந்த 'புஷ்பா' படத்தின் தமிழ் வடிவத்தில் ராஜலட்சுமி 'சாமி' பாட்டைப் பாடியதை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். தேவி ஸ்ரீ பிரசாத் இசையில் அவர் குரலை மட்டும் வேண்டிக் கூப்பிட்ட பாட்டு அது. பக்கத்தில் ஜோடி இல்லை. ஆனால் பாட்டு மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. 2023-இல் 'லைசென்ஸ்' படத்தில் அவரே முதன்மைப் பாத்திரமாக நடித்தார். கணவர் ஒரு படத்தில் நாயகர், மனைவி ஒரு படத்தில் நாயகி. மேடையில் மீண்டும் இருவர். பிரிந்து பாடவும் சேர்ந்து பாடவும் இருவருக்கும் முடிகிறது. கைத்தொழில் தெரிந்த இரண்டு பேர் ஒரு குடும்பம் நடத்துவது என்பது இதுதான்.

பெயரின் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. ஐக் டர்னர், டினா டர்னர் என்று ஒரு தம்பதியர் 1960-களில் புகழ்பெற்ற ஜோடியாகப் பாடினார்கள். 'டினா டர்னர்' என்பதே கணவர் வைத்த மேடைப் பெயர். அந்தப் பெயரைத் தம் வியாபாரச் சொத்தாக அவர் பதிவும் செய்து வைத்திருந்தார். அடி உதை தாங்காமல் அந்த அம்மையார் பிரிந்தார். 1978-இல் மணவிலக்கு ஆனபோது சொத்துக்காக அவர் வாதாடவில்லை. தம் மேடைப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சில ஆண்டுகள் கஷ்டப்பட்டு, 1984-இல் 'பிரைவேட் டான்சர்' இசைத்தட்டினால் உலகப் பாடகியாக எழுந்தார். நாம் மேலே சொன்ன தமிழ்த் தம்பதியர் அன்பாக வாழ்கிறவர்கள். அவர்களை இதோடு ஒப்பிடவில்லை. பாடுகிறவளுக்குப் பெயரே முதல் என்பதைக் காட்டவே இதைச் சொன்னோம். அந்த முதலைத்தான் நம் கமிட்டியார் ஒருவர் "மற்றும் குழுவினர்" என்று எழுதி அழித்துவிட்டார்.

தோட்டத் தொழிலாளருக்கு இது புரியாததன்று. 1927-இல் நிர்ணயக் கூலி வகுத்தபோது, மூடா ஆற்றுக்கு அக்கரையில் வெல்லஸ்லி மாகாணத்தில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது அதுவும் 40, 32 ஆகக் குறைந்தது. அதே மரம், அதே கத்தி, அதே வாளி. பத்துக் காசு மட்டும் எங்கே போயிற்று? கணவன் பெயரில் செக்ரோல் இருக்க, மனைவியும் பிள்ளைகளும் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கி, வாளி தூக்கி, கூலியில்லாமல் உதவிய காலமும் உண்டு. அந்த வேலைக்குப் பெயர் "ஒத்தாசை". மேடையில் அதற்குப் பெயர் "கூடப் பாடுவது". சொல் வேறு, கணக்கு ஒன்றே.

"குடும்பத்துக்குத்தானே பணம் போகிறது, கணவர் கையில் கொடுத்தால் என்ன?" என்று கமிட்டியார் கேட்பார்கள். நல்ல கேள்வி. பதிலைப் பரவை முனியம்மாளின் வாழ்க்கையில் பாருங்கள். மதுரைப் பக்கத்துப் பரவைக்காரர். 2003-இல் 'தூள்' படத்தில் பாடி நடித்து ஊரெல்லாம் அறிந்தவர். முதுமையில் நோயும் வறுமையும் வந்து, 2015-இல் தமிழக அரசு 6 லட்சம் ரூபாய் வைப்பு நிதி வைத்து, அதன் வட்டியில் மாதச் செலவுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் காலமானார். அத்தனை புகழ் பெற்றவருக்கே கிழப்பருவத்தில் கைக்குப் பிடிகொம்பு இல்லை. பாடுகிறவளின் உழைப்பு எந்த ஏட்டிலும் அவள் பெயரில் ஏறாவிட்டால், தொண்டை ஓய்ந்த நாளில் அவளிடம் காட்டுவதற்கு என்ன இருக்கும்?

உரிமை தானாக வராது என்பதும் பாட்டுத் தொழிலின் வரலாறே. பாட்டு விற்கும்தோறும் பாடியவருக்குப் பங்கு வேண்டும் என்று லதா மங்கேஷ்கர் 1960-களில் கேட்டார். பாடிக் கூலி வாங்கியபின் பங்கு எதற்கு என்றார் முகமது ரபி. இருவரும் மகா பாடகர்கள், இருவரும் நல்லவர்கள். இந்தத் தகராற்றில் சில ஆண்டுகள் சேர்ந்தே பாடவில்லை. கடைசியில் 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் பாடகர்க்கு அந்தப் பங்கு சட்டமாயிற்று. 2013-இல் பாடகர்கள் தமக்கென ஓர் உரிமைச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆயிற்று. குயில்களும் சங்கம் வைத்த பிறகே காசைக் கண்டன என்று சொன்னால் நம் தோழர்கள் சிரிக்கமாட்டார்கள்.

நம் நாட்டில் வழி இல்லாமல் இல்லை. சொந்தத் தொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுவோருக்கு இருந்ததை 2020-இல் கலைத்துறை உட்படப் பல தொழில்களுக்கும் விரித்தார்கள். கச்சேரிக்குப் போகும் வழியில் விபத்து நேர்ந்தாலும், மேடையில் கால் முறிந்தாலும், பதிந்திருந்தால் பெர்கேசோவிடம் கேட்கலாம். ஊழியர் சேமநிதியில் தாமாகப் பணம் கட்டும் 'ஐ-சாரான்' திட்டமும் இருக்கிறது. அதில் அரசும் ஒரு பங்கு சேர்க்கிறது. இரண்டிலும் கணவர் பதிந்தால் மனைவிக்கும் ஆயிற்று என்பது கிடையாது. ஆளுக்கு ஆள் தனி எண், தனிக் கணக்கு. உறுமி அடிப்பவருக்கும் தவில்காரருக்கும் இதே விதிதான்.

ஆலயக் கமிட்டியாரை நாம் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. நோட்டீசில் பாடுகிற இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். வாத்தியக்காரர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். அச்சுக்கூடத்தில் அதற்குக் கூடுதல் வெள்ளி கேட்கமாட்டார்கள். பணம் கொடுக்கும்போது இரண்டு ரசீதாகக் கையெழுத்து வாங்குங்கள். அம்மையாரின் ரசீது அவர் கையில் இருக்கட்டும். அது அவர் தொழில் செய்தார் என்பதற்குச் சாட்சி. அறிவிப்பாளர் மைக்கில் "அவருடைய துணைவியார்" என்று சொல்லாமல் பெயர் சொல்லி அழைக்கட்டும். கச்சேரியில் ஒரு பாட்டாவது மச்சான் கேலி அல்லாத பாட்டாக, தோட்டத்துப் பாட்டாக இருக்க வேண்டும் என்று ஜோடியிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் உங்கள் லயத்திலேயே சொல்லிக் கொடுக்கக் கிழவி ஒருத்தி இருப்பாள். அவளையும் மேடைக்கு அழைத்தால், அவள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாடும் தொழிலில் இருக்கிற நம் தங்கைமார்க்கு ஒரு சொல். பெர்கேசோவின் அலுவலகம் சுங்கைப் பட்டாணியிலேயே இருக்கிறது. அடையாள அட்டையோடு நீங்களே போகலாம்; படிவம் நிரப்புவதில் தடுமாற்றம் இருந்தால், தோட்டத்துக் கிராணிமாரைக் கேளுங்கள், ஒரு மாலைப் பொழுதில் முடித்துக் கொடுப்பார்கள்.